மேலே ஐஸ், கீழே சூடு: “கேஸ் போச்சு” என்பதை நம்பும் முன்

வணக்கம் சகோதரி. நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஏழு வருடமான டபுள் டோர் ஃபிரிட்ஜ். மேலே ஃப்ரீசரில் ஐஸ் கட்டி உறைகிறது, கீழே மட்டும் நாலைந்து நாளாகக் குளிர் இல்லை. அரைத்து வைத்த இட்லி மாவு மறுநாள் காலையிலேயே பொங்கிப் புளித்துவிடுகிறது. பார்க்க வந்த மெக்கானிக் கதவைத் திறந்து கையை வைத்துப் பார்த்துவிட்டு, “கேஸ் போயிடுச்சு, ஏத்தணும், 3,500 ஆகும்” என்கிறார். மாமியாரின் இன்சுலினும் அதில்தான் இருக்கிறது. கேஸ் ஏற்றலாமா, அந்தக் காசைப் போட்டுப் புதிதாக வாங்கிவிடலாமா?

இரண்டுமே இப்போது வேண்டாம். நான் திருச்சியில் 22 வருடமாக ஃபிரிட்ஜ் வேலை பார்க்கிறேன். மேலே ஐஸ், கீழே சூடு என்று கூப்பிடும் வீடுகளில் பெரும்பாலும் நான் கேஸ் சிலிண்டரை வண்டியை விட்டு இறக்கியதே இல்லை.

முதலில் இன்சுலின். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இன்றைக்கே அதைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில், நடுத்தட்டில், பின்சுவரில் ஒட்டாமல் வைத்துவிட்டு வாருங்கள். கீழே குளிர் இல்லையே என்று ஃப்ரீசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினை, இளகிய பிறகும் போட்டுக்கொள்ளக் கூடாது. இந்த நாலைந்து நாளாகச் சூட்டில் இருந்ததை என்ன செய்வது என்பதை டாக்டரிடமோ மருந்துக்கடையிலோ கேளுங்கள். அது நான் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

இனி உங்கள் ஃபிரிட்ஜுக்கு வருகிறேன். டபுள் டோர் ஃபிரிட்ஜில் பெரும்பாலும் குளிர் உண்டாகிற இடம் ஒன்றே ஒன்றுதான். ஃப்ரீசரின் உள்ளே பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் பலகை தெரியும். அதற்குப் பின்னால் அலுமினியத் தகடுகள் கோத்த காயில் ஒன்று இருக்கிறது, பக்கத்தில் ஒரு சின்ன ஃபேன். காயிலைத் தொட்டுக் குளிர்ந்த காற்றை அந்த ஃபேன் ஃப்ரீசருக்குள் ஊதும். அதில் ஒரு பங்கு, சுவருக்குள் இருக்கும் வழியாகக் கீழே இறங்கும். கீழ்ப்பகுதிக்கென்று தனிக் குளிர் கிடையாது. மேலேயிருந்து இறங்கும் காற்றை நம்பித்தான் உங்கள் பாலும் காய்கறியும் மாவும் இருக்கின்றன.

காற்றில் ஈரம் உண்டு. கதவைத் திறக்கும்போதெல்லாம் சமையலறை ஈரம் உள்ளே போகிறது, மூடாமல் வைத்த குழம்பிலிருந்தும் ஈரம் கிளம்புகிறது. எல்லாம் கடைசியில் அந்தக் காயிலில் போய்ப் பனியாகப் படியும். அதைக் கரைக்கத்தான் காயிலின் அடியில் ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். டைமர் உள்ள மாடலில், கம்ப்ரசர் எட்டு மணி நேரம் போல ஓடியதும் டைமர் அதை நிறுத்தி, இருபது முப்பது நிமிடம் ஹீட்டருக்குக் கரண்டைத் திருப்பிவிடும். புது மாடல்களில் இதை எலக்ட்ரானிக் போர்டு பார்த்துக்கொள்கிறது. கரைந்த தண்ணீர் ஒரு குழாய் வழியாகப் பின்பக்கம் கம்ப்ரசருக்கு மேலே உள்ள தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். வீட்டில் யாருக்கும் தெரியாமல் தினமும் நடக்கிற வேலை இது.

அந்த ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று வையுங்கள். பனி கரையாது. நாளுக்கு நாள் கெட்டியாகிக் காயிலையே மூடிவிடும், ஃபேன் இழுக்கக் காற்று இருக்காது. ஃப்ரீசர் காயிலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே ஐஸ் உறைந்துகொண்டிருக்கும். கீழே இறங்கவேண்டிய காற்றுதான் நின்றுபோகும். முதலில் மாவு புளிக்கும், அப்புறம் பால் திரியும், கீரை வாடும். நம் வீடுகளில் தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் மாவு இருக்கிறது. “நேத்து அரைச்ச மாவு இன்னிக்கே புளிச்சுடுது” என்று ஓர் அம்மா சொன்னால் ஃபிரிட்ஜைப் பார்க்கும் முன்பே எனக்குப் பாதி தெரிந்துவிடும்.

சோதனைக்கு முன் இரண்டு சின்ன விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். ஃப்ரீசரின் பின்பலகையில் காற்று வரும் ஓட்டைகளை அடைத்தபடி மட்டன் கவரோ பட்டாணிப் பாக்கெட்டோ சாய்ந்திருக்கிறதா? கீழ்ப்பகுதியின் மேல்பக்கத்தில் காற்று வரும் துவாரத்தை உயரமான பாத்திரம் எதுவும் மறைக்கிறதா? அடுத்தது நாப். பல டபுள் டோர் மாடல்களில் ஃப்ரீசருக்குள் இருக்கும் நாப், காற்றைப் பங்கு போடும் ஒரு மூடி மட்டும்தான். அதை உச்சத்தில் வைத்தால் காற்றெல்லாம் மேலேயே நின்றுவிடும். ஐஸ்கிரீமுக்காகக் குழந்தைகள் திருப்பிவைத்த நாப்பை நடுவுக்குக் கொண்டுவந்ததும் சரியான ஃபிரிட்ஜ்களை நான் பார்த்திருக்கிறேன்.

இவை சரியாகவே இருந்தால், ஃபிரிட்ஜைக் காலி செய்து பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். இரண்டு கதவையும் முழுதாகத் திறந்து 24 மணி நேரம் விடுங்கள். முன்னால் ஒரு டேபிள் ஃபேன் ஓடினால் இன்னும் நல்லது. சிறு குழந்தைகள் இருந்தால் அந்தப் பக்கம் விடாதீர்கள். கீழே பழைய துணி விரியுங்கள், நிறையத் தண்ணீர் வரும். பின்தட்டு நிரம்பி வழியவும் கூடும். வெளியில் தெரியும் பனி இரண்டு மணி நேரத்தில் போய்விடும். அதைப் பார்த்து ஆன் செய்துவிடாதீர்கள், பலகைக்குப் பின்னால் உள்ளது கரைய ஒரு நாள் வேண்டும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றுவது, கத்தியால் குத்துவது, ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது எதுவும் கூடாது.

பிறகு பிளக்கைச் செருகி, எதையும் வைக்காமல் ஆறேழு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள்.

கீழேயும் நன்றாகக் குளிர்ந்து, ஒரு வாரம் பத்து நாளில் மறுபடி பழைய கதை ஆனால், கோளாறு பனி கரைக்கும் அமைப்பில்தான் இருக்கிறது. கேஸ் இல்லாத ஃபிரிட்ஜ், ஐஸைக் கரைத்துவிட்டதால் மட்டும் பத்து நாள் நன்றாக ஓடாது. குளிர்ந்து மாதக்கணக்கில் தொந்தரவே வராமல் போனால், என்றைக்கோ இரவு முழுக்கக் கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்திருக்கும். மூன்றாவதாக, கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தும் மேலேயும் கீழேயும் குளிரே ஏறவில்லை என்றால் மட்டுமே கேஸைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டும்.

முதல் வகை என்றால் மெக்கானிக்கிடம் தெளிவாகச் சொல்லுங்கள் (பனி கரைப்பதைத்தான் டீஃப்ராஸ்ட் என்போம்): “டீஃப்ராஸ்ட் வேலை செய்யலை, ஹீட்டர், பைமெட்டல், ஃபியூஸ், டைமர் நாலையும் மீட்டர் வச்சுப் பாருங்க.” ஹீட்டரைச் சோதிப்பது எளிது. 230 வோல்ட்டில் 150 வாட் இழுக்கும் ஹீட்டர் என்றால் மீட்டரில் 350 ஓம் போலக் காட்டும். அறுந்திருந்தால் எதுவுமே காட்டாது. ஃபியூஸ், அளவுக்கு மீறிச் சூடானால் ஒருமுறை அறுந்து ஹீட்டரை நிறுத்திவிடும் சின்னப் பாகம். அதை மாற்றும்போது, அது ஏன் அறுந்தது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பைமெட்டல் விஷயத்தில்தான் வேலை தெரிந்தவர்களும் சில நேரம் தவறுகிறார்கள். அது வெப்பத்தைப் பொறுத்து ஹீட்டருக்குக் கரண்டை விடும், நிறுத்தும் சின்ன சுவிட்ச். குளிரில் சேர்ந்திருப்பதும் சூடானால் பிரிவதும் அதன் இயல்பு. அறை வெப்பத்தில் கழற்றி மீட்டர் வைத்தால் நல்ல பைமெட்டலும் “போச்சு” என்றுதான் காட்டும். ஐஸுக்குள் நன்றாகப் புதைத்துவைத்து, உறைகுளிர் ஏறிய பிறகே பார்க்க வேண்டும். டைமர் உள்ள மாடலில் அதன் நடுத்திருகை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் “டக்” என்று ஒரு சத்தம் கேட்டுக் கம்ப்ரசர் நிற்கும். அப்போது ஹீட்டர் சூடேறினால் ஹீட்டர் பக்கம் குற்றமில்லை, டைமர்தான் சுற்றாமல் நின்றிருக்கிறது. இவையெல்லாம் கம்ப்ரசரையோ கேஸையோ தொடாமலே மாற்றக்கூடிய பாகங்கள். ஆனால் கரண்டும் தண்ணீரும் சேர்ந்து இருக்கிற இடம் என்பதால் நீங்களே பலகையைக் கழற்ற வேண்டாம்.

ஃபேனை மட்டும் நீங்களே சோதிக்கலாம். ஃபிரிட்ஜ் ஓடும்போது ஃப்ரீசர் கதவைத் திறந்து, சட்டத்தில் உள்ள சுவிட்சை விரலால் அழுத்துங்கள். உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அரைமணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள், பனி கரையும் நேரத்தில் ஃபேன் நின்றுதான் இருக்கும். சுற்றும்போது ‘கடகட’ என்று உரசினால், அதன் இறக்கையில் பனி முட்டுகிறது என்று அர்த்தம். அதுவும் இதே கோளாறுதான்.

இப்போது கேஸ். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மக்கள் காசு அதிகம் இழப்பது இந்தச் சொல்லில்தான். கேஸ் என்பது வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. இருபது வருடம் ஓடினாலும் அதேதான். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதை. அடுத்த கோடைக்குள் மறுபடி அதே செலவு வரும்.

கேஸ் குறைந்ததற்கு அடையாளங்கள் உண்டு. கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். பின்பக்கக் கம்பியோ பக்கச் சுவரோ வழக்கமான சூடு இல்லாமல் வெறுமனே இருக்கும். ஃப்ரீசரிலும் ஐஸ்கிரீம் இளகும். பலகையைக் கழற்றிப் பார்த்தால் காயில் முழுக்கப் பனி படியாமல், ஆரம்பத்தில் ஒரு பகுதி மட்டும் வெள்ளையாக இருக்கும், மீதி வெறும் அலுமினியமாகத் தெரியும். உங்களுக்குச் சொன்னவர் பலகையைக் கழற்றாமல், மீட்டரும் வைக்காமல் சொல்லியிருக்கிறார். அதனால்தான் ஏற்றவேண்டாம் என்கிறேன்.

உண்மையிலேயே கேஸ் போயிருந்தால், பின்பக்க லேபிளைப் பாருங்கள். ஆர் 134ஏ அல்லது ஆர் 600ஏ என்றும், எத்தனை கிராம் என்றும் அச்சிட்டிருக்கும். இப்போது வரும் ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர் 600ஏதான். இது ஐசோபியூட்டேன், சமையல் கேஸின் உறவுக்காரன், தீப்பிடிக்கும். அளவும் சில பத்து கிராம்தான். அதனால் காதால் சத்தம் கேட்டோ கையால் தொட்டுப் பார்த்தோ ஏற்றுகிற வேலை இதற்கு ஆகாது, தராசில் நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். இன்னொன்று, இந்தக் கேஸ் மைனஸ் 12 டிகிரி அளவில் கொதிப்பது. ஃப்ரீசர் அதைவிடக் குளிரும்போது அந்தப் பக்கக் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடும். அங்கே ஓட்டை இருந்தால் கேஸ் வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்றும் ஈரமும் உள்ளே போகும். அதன்மேல் கேஸை மட்டும் ஏற்றினால் ஈரம் கேப்பிலரி என்ற மெல்லிய குழாயில் உறைந்து அடைக்கும். கொஞ்ச நேரம் குளிரும், நிற்கும், அணைத்துப் போட்டால் மறுபடி குளிரும்.

ஆகவே கேஸ் ஏற்ற வருபவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். லீக் எங்கே என்று காட்டுங்கள். ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் புதிதாகப் போடுவீர்களா? குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் கொண்டு வந்திருக்கிறீர்களா, எவ்வளவு நேரம் போடுவீர்கள்? எத்தனை கிராம்? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள். ஆர் 600ஏ என்றால் அடுப்பை அணைத்து, விளக்கேற்றாமல், ஜன்னல்களைத் திறந்து வைத்திருங்கள். முடிந்தால் ஃபிரிட்ஜை வெளியே நகர்த்திச் செய்யச் சொல்லுங்கள்.

நாகப்பட்டினம் பக்கம் ஒரு வீட்டில் ஒரே வருடத்தில் மூன்று முறை கேஸ் ஏற்றியிருந்தார்கள். மூன்றும் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. நான் பார்த்தபோது ஓட்டை, கதவுச் சட்டத்துக்குள் ஓடும் குழாயில் இருந்தது. சட்டத்தில் தண்ணீர் வியர்க்காமல் இருக்கச் சூடான குழாய் ஒன்றை அதற்குள் ஓடவிட்டிருப்பார்கள். கடல் காற்றும் ஈரமும் பட்டு அது துருப்பிடித்துவிட்டது. அந்தக் குழாயைத் துண்டித்துவிட்டு வெளியே புதிதாகக் கண்டென்சர் (சூட்டை வெளியே விடும் குழாய்) போட்டுக் கொடுத்தேன். கடற்கரை ஊர்க்காரர்கள் இதை நினைவில் வையுங்கள்.

சிங்கிள் டோர் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் ஃபேனும் ஹீட்டரும் கிடையாது. ஃப்ரீசர் பெட்டியே குளிரும் தகடு, கேஸ் அந்த அலுமினியச் சுவருக்குள்ளேயே ஓடுகிறது. பனி அரை சென்டிமீட்டர் சேர்ந்ததும் நாப்பின் நடுப்பொத்தானை அழுத்திவிட்டால் தானே கரைந்து தானே திரும்ப ஓடும். ஆனால் பலர் அதை மறந்துவிட்டு, உள்ளே ஒட்டிப்போன பால் பாக்கெட்டையோ மீன் டப்பாவையோ கத்தியால் நெம்புகிறார்கள். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்கிற வாரத்தில் எனக்கு வருகிற போன்களில் இதுதான் அதிகம்: “அண்ணே, புஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு.” அந்தச் சத்தம் வந்துவிட்டால் போனது போனதுதான். அலுமினியத்தில் போடும் ஒட்டு சில இடத்தில்தான் நிற்கும், பெரும்பாலும் தகட்டையே மாற்ற வேண்டிவரும். தயவுசெய்து ஃப்ரீசர் பக்கம் கத்தியைக் கொண்டுபோகாதீர்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன், வீட்டில் யாருக்காவது உதவும்.

ஃபிரிட்ஜ் ஓடவே இல்லை, சில நிமிடத்துக்கு ஒருமுறை பின்னால் “டக்” என்று மட்டும் கேட்கிறது என்றால் கம்ப்ரசர் கிளம்ப முயன்று தோற்கிறது. முதலில் வோல்டேஜ் பாருங்கள். சித்திரை, வைகாசி இரவுகளில் தெரு முழுக்க ஏசி ஓடும்போது 170, 180க்கு இறங்கும் இடங்கள் உண்டு. வோல்டேஜ் சரியாக இருந்தால் கம்ப்ரசர் பக்கத்தில் செருகியிருக்கும் ரிலேவும் (கம்ப்ரசரைக் கிளப்பிவிடுவது) ஓவர்லோடும்தான் (சூடு மீறினால் அதை நிறுத்துவது) அடுத்த சந்தேகம். ரிலே போயிருந்தால், கழற்றிக் குலுக்கும்போது பெரும்பாலும் உள்ளே உடைந்த துண்டு கிலுகிலுக்கும். விலை குறைந்த பாகம். இதைப் பார்க்காமல் “கம்ப்ரசர் போச்சு” என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்வெர்ட்டர் கம்ப்ரசர் உள்ள மாடலுக்கு இது பொருந்தாது, அதற்கு போர்டைச் சோதிக்கத் தெரிந்தவர் வேண்டும். கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிடம் கழித்து ஆன் செய்யுங்கள், நேரம் தள்ளிக் கரண்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் இருந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

பக்கச் சுவர் சுடுகிறது என்று பயந்து கூப்பிடுகிறார்கள். கண்டென்சர் குழாய் அங்கேதான் ஓடுகிறது, சுடத்தான் வேண்டும். சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடம் விடுங்கள்.

காய்கறிப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் நின்றால் வடிகால் ஓட்டை அடைத்திருக்கிறது. கருவேப்பிலை, மல்லித் தழைதான் பெரும்பாலும் குற்றவாளி. வளையும் மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால் திறக்கும்.

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு பத்து ரூபாய்த் தாளை நடுவில் வைத்துச் சாத்தி இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. உடனே மாற்ற வேண்டாம். மடிப்புகளில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றி, கையால் நீவிவிட்டால் பாதி ரப்பர்கள் மறுபடி ஒட்டும்.

தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் அன்றைக்கே பிளக்கைப் பிடுங்குங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு திறப்பது தீர்வு ஆகாது. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும், எலி கடித்த வயரோ ரிலே பெட்டியில் சிக்கிய பல்லியோ இருக்கிறதா என்று நாங்கள் பார்க்கிறோம். ஷாக் தெரியாமல், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் வீட்டு டிரிப்பர் (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்தால் ஹீட்டரில் ஈரம் ஏறி லீக் ஆகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

பின்தட்டையும் மறக்காதீர்கள். மாநகராட்சி ஆட்கள் கொசுப் புழு பார்க்க வரும்போது நேராக ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போவது காரணத்தோடுதான். டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், அந்தத் தட்டில் இருப்பது நல்ல தண்ணீர். வாரம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைத் துடைத்துவிடுங்கள்.

உங்கள் ஃபிரிட்ஜை ஆன் செய்யும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கீழ்த்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் தெர்மாமீட்டரைப் போட்டு மறுநாள் காலை பார்த்தால் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மாவையும் பாலையும் வைக்கலாம், இன்சுலினை மட்டும் இன்னும் மூன்று வாரம் பக்கத்து வீட்டிலேயே விட்டுவையுங்கள். மறுபடி கோளாறு வந்தால் எத்தனையாவது நாள் வந்தது, பின்லேபிளில் என்ன கேஸ் என்று எழுதியிருக்கிறது, டைமர் உள்ள மாடலா போர்டு மாடலா, இந்த மூன்றையும் எழுதுங்கள். எந்தப் பாகத்தை மாற்றச் சொல்ல வேண்டும் என்று சொல்கிறேன்.